ஏலக்காரர் வாயை மூடிய கதை

மீன் சந்தையில் ஏலக்காரருக்கு நாக்குதான் முதல். கூடையைத் தரையில் கொட்டும் முன்பே விலை கூறத் தொடங்கிவிடுவார். யாராவது யோசித்தால் தீர்ந்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று மீன் அடுத்தவன் வண்டியில் ஏறிவிடும். அப்பேர்ப்பட்ட வாய்க்குப் பிறந்த மகள், நாலு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை. காது நன்றாகவே கேட்டது. வேண்டியதை விரலால் காட்டுவாள். கிடைக்காவிட்டால் தரையில் உருண்டு அழுவாள்.

சொந்தக்காரர்கள் வைத்தியத்துக்குப் பஞ்சம் வைக்கவில்லை. கையில் செல்போனைக் கொடுத்தால் பேச்சு தானாக வரும் என்றார் சித்தப்பா. ஏலக்காரரின் அக்கா, "நீயும் லேட்டாத்தான்டா பேசினே. இப்போ நிறுத்த முடியுதா?" என்றாள். இந்த வைத்தியர்களை அவருக்குப் பிடித்திருந்தது. ஒருவரும் அவரை வாயை மூடச் சொல்லவில்லை. ஆனால் பள்ளியில் பிள்ளைகள் மகளைப் ‘பொம்மை’ என்று கூப்பிட ஆரம்பித்ததும் மனைவிக்குப் பொறுக்கவில்லை. மகளோடு அவரையும் பேச்சுப் பயிற்சியாளரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே குழந்தையிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பாவே பதில் சொல்லி முழு மதிப்பெண் வாங்கினார். நாய் எப்படிக் கத்தும் என்றதற்குக் குரைத்தும் காட்டினார்.

பயிற்சியாளர் அம்மாள் சிரிக்கவில்லை. குழந்தைக்கு மொழி வளர்ச்சியில் குறைபாடு இருக்கிறது, அதற்கு யாரும் காரணமில்லை, தானாகச் சரியாகும் என்று சும்மா இருக்கக் கூடாது, வாரா வாரம் கூட்டி வாருங்கள் என்றார். பிறகு ஏலக்காரரிடம் திரும்பி, "உங்களுக்கு ஒரே வேலைதான் சார். கேள்வியைக் கேட்டுட்டுப் பேசாம இருங்க" என்றார்.

ஒரே வேலையாம்! மலையைப் புரட்டச் சொல்லியிருந்தால் சந்தையிலிருந்து நாலு ஆளைக் கூட்டி வந்திருப்பார்.

வாரா வாரம் பயிற்சி நடந்தது. மாலையில் வீட்டில் பாலையும் வாழைப்பழத்தையும் மகள் முன் வைத்து, எது வேண்டும் என்று கேட்பார். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்வார். பாதி நாள் தாங்க முடியாமல் தானே பதிலையும் சொல்லிவிட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

ஒருநாள் அக்கா வந்திருந்த நேரம். அவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அக்காவுக்கு எங்கே பொறுமை? பால்தான் கேட்கிறாள் என்று டம்ளரை நீட்டினாள். மகள் தட்டிவிட்டாள். சிந்தியதைத் துடைக்க ஏலக்காரர் எழுந்தார். மகளின் வாய் கோணிற்று, கழுத்து நரம்பு புடைத்தது.

"அப்பா... இரு."

இரண்டு சொல், சேர்த்து! அவர் அப்படியே உட்கார்ந்தார். எது வேண்டும் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.