நெரெய்தா குரல் கொடுக்க மறுத்த பக்கங்கள்

கமஹுவானி ஊரின் சுருட்டுத் தொழிற்சாலையில் நெரெய்தா பைரோல் பதினேழு வயதில் புகையிலையின் நரம்பு உரிக்கச் சேர்ந்தார். சுருட்டு சுற்றுபவர்களுக்கு வேலைநேரத்தில் வாசித்துக் காட்டும் பணி காலியானபோது, போட்டியிட்ட மற்றவர்கள் காதல் காட்சிகளை வாசித்தார்கள். நெரெய்தா பிரஷர் குக்கரின் உபயோகக் குறிப்பை வாசித்தார். முடியும்வரை எவரும் இடத்தைவிட்டு எழவில்லை. கையுயர்த்தி அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

அவருக்கு ஒரு விதி உண்டு: எழுதியவன் போடாத உயிரை வாசிப்பவர் போடக்கூடாது. அழமாட்டார், குரலை ஏற்றமாட்டார். தீர்ப்பு கூடத்தினுடையது. பிடித்தால், இலை வெட்டும் பிறைக்கத்திகளால் பலகையில் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள்.

என் வழக்கை நான் அவரிடம் கொண்டுசென்றது அந்த விதியை அறிந்தேதான். நான் சர்க்கரை ஆலையில் எடை போடுபவன். எழுத்தை நானாகக் கற்றவன். என் முதல் நாவலை அச்சிட்ட மாகாணப் பதிப்பகம், என்னிடம் ஒரு சொல்லும் கேளாமல் பன்னிரண்டு பக்கங்களை வெட்டியிருந்தது. கைப்பிரதி, கார்பன் நகல், மெய்ப்பு, நான் அனுப்பிய ஒன்பது முறையீடுகள் எல்லாம் என்னிடம் பத்திரமாக உள்ளன. இரண்டாம் பதிப்பின்போது புதிய ஆசிரியர் இறங்கிவந்தார்: தொழிற்சாலை கேட்டு ஏற்றுக்கொண்டால் அப்பக்கங்களைச் சேர்ப்பதாக எழுதினார்.

கஸில்தா என்னும் விதவை தன் திருமணக் கட்டிலை விற்கும் பகுதி அது. அந்தக் கட்டிலுக்கு மரம் எங்கிருந்து வந்தது என்பதில் நான் தொடங்கியிருந்தேன்.

நெரெய்தா முன்பு போட்டியில் குக்கர் குறிப்பை வாசித்த அதே குரலில் வாசித்தார். கூடத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். பிறகு ஒரு கத்தி தரையில் விழுந்தது.

"எழுத்தாளரே!" என்று கத்தினார் பெலாயோ, முதல் வரிசைக்காரர். "நான் ஒரு கட்டு சுருட்டே சுத்தி முடிச்சிட்டேன். உங்க மரம் இன்னும் காட்டுலயே நிக்குது! எப்பய்யா கட்டிலாகும்?"

"அவசரப்படாதய்யா, மரம் இன்னும் பூக்கவே இல்ல," என்றாள் பக்கத்து மேசை ஒதிலியா.

மதிய இடைவேளையில் நெரெய்தாவிடம் என் குற்றச்சாட்டை வரிசையாக எடுத்துவைத்தேன்.

"நீங்க வேணும்னே செத்த குரல்ல வாசிச்சீங்க."

"ஆமா, அர்செனியோ. நான் உயிர் கொடுத்தா அவங்க எனக்குல்ல தட்டுவாங்க? புத்தகம் வாங்குற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் என் தொண்டையையும் சேர்த்து அனுப்புவியா?" கறுப்பு அவரைச் சோற்றின் கடைசிக் கரண்டியை விழுங்கினார். "முதல்லேருந்து நீயே வாசி. பென்சிலோட பக்கத்துல உக்காந்திருக்கேன்."

மைக்கின் முன் அமர்ந்தேன். என் சொற்களை நூறு சுருட்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்தபடி நான் அதுவரை சொன்னதில்லை. காட்டு மரத்தையும் கட்டிலைச் செய்த தச்சனின் பாட்டனாரையும் பற்றிய பத்தி வந்தது. அதன் முதல் சொல்லைக் கண்டதும் என் நாக்கு தானாகவே அடுத்த பத்திக்குத் தாவியது. சற்றுத் தள்ளி மறுபடியும், பிறகு பக்கம் பக்கமாகவும் தாவியது. நான் தாவிய இடங்களிலெல்லாம் நெரெய்தாவின் பென்சில் மெதுவாகக் கோடிழுத்துக்கொண்டு வந்தது. அந்த ஓசை எனக்குக் கேட்டது; நான் வாசித்துக்கொண்டே போனேன்.

கட்டிலை வாங்க வருபவள், இறந்துபோன கணவனின் கள்ளக்காதலி. அவள் சட்டத்தைத் தட்டிப்பார்த்துப் பேரம் பேசுகிறாள்.

"ராத்திரில இது சத்தம் போடுமா?" என்று வாசித்தேன்.

கஸில்தாவின் பதிலையும் வாசித்தேன்: "என்னை ஏன்டி கேக்குற? உனக்குத்தானே தெரியும்!"

கூடம் முழுவதும் கத்திகள் பலகையில் இறங்கின. மேசைகளிலிருந்த இலைகள் துள்ளின. ஒதிலியா மேலங்கியால் கண்ணைத் துடைத்தாள்.

"அதான் அடுத்த அத்தியாயத்துல ரெண்டு பேரும் ஒண்ணா காபி குடிக்கிறாங்களா!" என்றார் பெலாயோ. அச்சான பிரதியை அவர் வாசித்திருந்தார். "எனக்கு அது புரியாமலே போச்சு. இதை எவன்யா வெட்டினான்? அவன் கையில கத்தியே கொடுக்கக் கூடாது!"

இதைத்தான் ஒன்பது முறையீடுகளிலும் நான் எழுதியிருந்தேன், இவ்வளவு சுருக்கமாக அல்ல.

நெரெய்தா பக்கங்களை என் முன் தள்ளினார். பன்னிரண்டில் கோடு படாமல் இருந்தவை இரண்டரை. காட்டிலிருந்த மரத்தை நானே வெட்டியிருந்தேன். இரண்டரைப் பக்கமும் அச்சேறட்டும் என்று கூடம் கையுயர்த்தியது. கோடிட்ட பக்கங்களைக் கோப்பில் சேர்க்க நான் எடுத்தபோது பெலாயோ விடவில்லை.

"கட்டில் பேரத்தை இன்னொரு தடவை! ஆனா எழுத்தாளர் வேண்டாம், அவருக்கு வாசிக்கத் தெரியல. நெரெய்தா வாசிக்கட்டும்!"

நெரெய்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதே வறண்ட குரலில் தொடங்கினார். வாங்க வந்தவள் சட்டத்தைத் தட்டினாள், விலை கேட்டாள், சத்தம் போடுமா என்றாள். "என்னை ஏன்டி" என்ற இடத்தில் குரல் நின்றது. அவர் வாயைப் பொத்தினார். பயனில்லை. கூடத்தில் எவரும் அதுவரை கேட்டிராத நெரெய்தாவின் சிரிப்பு எல்லா ஒலிபெருக்கிகளிலும் கொட்டியது. என் வாக்கியத்தை அவரால் முடிக்கவே முடியவில்லை. கூடம் ஒரே குரலாக முடித்துவைத்தது.