மயிலும் மேடுபள்ளமில்லாத கரண்டும்

ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இதுவரை எந்தக் கோயில் கமிட்டியும், எந்தப் பள்ளி ஆண்டு விழாவும் மைக்கை என் பக்கம் நீட்டியதில்லை. ஆகவே, கடலைக் காட்டில் மயில் விரட்டப் பேசித் தருகிறீர்களா என்று மச்சினன் கேட்டபோது, ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதன் ஒப்புக்காவது காட்ட வேண்டிய தயக்கத்தைக்கூட நான் காட்டவில்லை.

இண்டூருக்குப் பக்கத்தில் என் மனைவியின் தம்பிக்குக் கொஞ்சம் நிலம். அதில் ஒரு மூலையில், அடுத்த போகத்துக்கு விதைக்கென்றே நாட்டுக் கடலை போட்டிருந்தான். அந்த ரகம் கடையில் கிடைக்காது. அந்த மூலை போனால் விதையே போச்சு. காய் முற்றும் நேரம் பார்த்து மயில்கள் இறங்கி, செடியின் அடியைக் கிளற ஆரம்பித்தன. இப்போதெல்லாம் காட்டுக்குக் காடு ஒலிபெருக்கி கட்டி, கத்திப் பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள். மச்சினனும் ஒன்று வாங்கினான். அதன் பேட்டரி சீக்கிரமே செத்துப்போனது. மோட்டார் ரூமில் கரண்ட் உண்டு. ஆனால் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு வேண்டியது பன்னிரண்டு வோல்ட் டி.சி.

"கடையில அடாப்டர் விக்கிறாங்கங்க," என்றாள் மனைவி.

எலக்ட்ரானிக்ஸ் புத்தகம் ஒன்றை இரண்டு முறை படித்தவனிடம் சொல்கிற வார்த்தையா அது?

விஷயம் எளிது. வருகிற கரண்ட் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் அதன் வோல்ட்டைக் குறைக்கும். நான்கு டயோடுகளைப் பற்றவைத்தால் ஒரே பக்கமாக ஓடத் தொடங்கும். ஆனால் சமமாக ஓடாது. மழை பெய்த மண் ரோட்டில் டவுன் பஸ் வருகிற மாதிரி ஏறி இறங்கி வரும். அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் கண்டன்சர். மேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு பள்ளத்தில் கொடுக்கும். கைவசம் சுண்டைக்காய் அளவில் ஒன்று இருந்தது. அதையே போட்டேன்.

"சும்மா 'ஏய்'னு கத்துங்க மாமா, போதும்," என்றான் மச்சினன்.

நான் எழுதி வைத்துப் படித்துப் பதிந்தேன். "யார் அங்கே? விலகிச் செல்லுங்கள்! இது வியர்வை சிந்தியவனின் நிலம்!"

"மயிலுக்கு இவ்ளோ தமிழ் புரியுங்களா மாமா?"

சுவிட்சைப் போட்டோம். "கொர்ர்ர்" என்று ஒரு சத்தம் காட்டையே நிரப்பியது. அதற்குள் எங்கோ, மாவு மில்லில் மாட்டிக்கொண்டவனைப்போல் நான் முனகிக்கொண்டிருந்தேன். மயில்கள் ஒன்றுவிடாமல் எழும்பிப் பறந்தன. மச்சினன் விசில் அடித்தான். காரியம் அங்கேயே முடிந்தது. நானும் முடித்துக்கொண்டிருக்கலாம்.

பாப்பாரப்பட்டிக்குப் போகிற ஒருவர் வண்டியை நிறுத்தி, "யாருங்க அது, கெணத்துல வுழுந்துட்டாங்களா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

"அதான் ஓடுதுல்லங்க மாமா, வுடுங்க," என்றான் மச்சினன்.

"உச்சரிப்பே வெளங்கலையேப்பா!" என்றேன் நான். சுண்டைக்காயால் பள்ளங்கள் நிரம்பவில்லை; அதுதான் அந்தக் கொர்.

எங்கள் பக்கத்தில் மூன்று பேஸும் வராத நேரத்தில் இரண்டு பேஸிலேயே மோட்டாரைக் கிளப்ப, ஸ்டார்ட்டர் பக்கத்தில் சொம்பு அளவுக்கு ஒரு கண்டன்சர் மாட்டியிருப்பார்கள். சுண்டைக்காயைவிடச் சொம்பு பெரிது என்கிற அறிவியல் அடிப்படையில், மெயினை அணைத்துவிட்டு அதைக் கழற்றினேன். மெயினை அணைத்தாலும் கண்டன்சர் தன்னிடம் உள்ளதை வைத்திருக்கும் என்று அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கம் நினைவுக்கு வந்தபோது நான் மோட்டார் ரூமுக்கு வெளியே, ஒரு செருப்போடு உட்கார்ந்திருந்தேன்.

சொம்பைப் போட்டும் கொர் குறையவில்லை. அந்த உடம்பெல்லாம் பெரிய வோல்ட்டைத் தாங்குவதற்குத்தான்; உள்ளே கொள்வது சொற்பம். எனக்கு அதன்மேல் ஒரு சகோதர பாசம் வந்தது. இதற்குள் மச்சினன் தண்ணீர் பாய்ச்ச மோட்டாரைப் போட்டான். இரண்டு பேஸ்தான் இருந்தது. கண்டன்சர் இல்லாத மோட்டார் சுற்றாமல் நின்ற இடத்திலேயே முனகியது. ஒரு கொர்ரை ஒழிக்கப் போய் இரண்டாயிற்று.

"நம்ம வூட்டுக்கு வந்தா எதையாச்சும் கழட்டாம போகமாட்டாருக்கா," என்று அவன் என் மனைவியிடம் போனில் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

சொம்பை இருந்த இடத்தில் மாட்டிவிட்டு, தருமபுரி போய்ச் சரியான கண்டன்சரை வாங்கி வந்தேன். கட்டைவிரல் பருமன்தான். பற்றவைத்ததும் கொர் அடியோடு நின்றது. கரண்ட் காற்றில்லாத ஏரிபோல் சமமாயிற்று. என் குரல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வரப்புகளைத் தாண்டிப் போனது. 'வியர்வை'யில் வருகிற இடையின ரகரம்கூடத் துல்லியம். வேப்பமரத்தடியில் நின்று நான் கொஞ்சம் கண் கலங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலத்துக்குள் மயில்கள் திரும்பின. முதலில் வந்தது கழுத்தைச் சாய்த்து என் பேச்சைக் கடைசிவரை கேட்டது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் சபை. கேட்டு முடித்ததும் கடலையைக் கிளறியது. மற்றவையும் வந்தன. ஒன்று ஒலிபெருக்கிக் கம்பத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்து தலைமை தாங்கியது. மச்சினனும் அவன் மனைவியும் துண்டை வீசிக்கொண்டு ஓடினார்கள். அதற்குள் ஒரு பாத்தி காலி.

மச்சினன் மூச்சு வாங்க வந்து நின்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மாமா, அந்தப் பழைய சத்தம் திரும்ப வருங்களா?"

சுவிட்சை அணைத்து, கட்டிங் பிளேயரால் கண்டன்சரின் ஒரு காலை நானே வெட்டினேன். மறுபடி போட்டதும் காடு கொர்ர்ர் என்றது. என் தமிழ் அதற்குள் மூழ்கியது. மயில்கள் பறந்தன. காய் பிடுங்கும்வரை அப்படியே ஓடியது. விதைக்கு வேண்டியது தப்பித்தது.

கடலை ஆய்ந்த அன்று மச்சினன் மனைவி ஒரு முறம் பச்சைக்காயை என் முன்னால் வைத்தாள்.

"அடுத்த போகத்துக்கும் நீங்கதாங்கண்ணா செஞ்சு குடுக்கணும்."

இந்த முறை என்ன பேசலாம் என்று யோசித்தபடி நான் தொண்டையைச் செருமினேன்.

"பேச்செல்லாம் வேணாங்கண்ணா," என்றாள் அவள். "அந்தக் கொர்ரு மட்டும் போதும்."