தவிடு கொடுத்து வாங்கிய பிள்ளை

அம்சவள்ளியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவள்மேல் பாதி, என்மேல் பாதி. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிற எங்கள் ஊரில் நான் பதினாறு வருஷமாக அங்கன்வாடி டீச்சர். எந்த வீட்டுப் பிள்ளை எத்தனை கிலோ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. அப்படிப்பட்டவள் இந்த விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அம்சவள்ளிக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், பிள்ளை இல்லை. புருஷன் அரியமுத்து சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறவன். இவள் முந்திரிக்கொட்டை உடைக்கப் போவாள். அரியமுத்துவின் தம்பி தமிழ்மாறனும் அவன் பெண்டாட்டி ஆர்த்தியும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை பிறந்தது, தங்கவில்லை. முதலாவது இருபதாம் நாள் போனது. இரண்டாவது மூன்றாம் மாதம் போனது.

மூன்றாவதாகப் பெண் பிறந்தபோது, வழக்கப்படி தவிட்டுக்கு விற்றுவிடச் சொன்னார்கள் வீட்டுப் பெரியவர்கள். வெறும் தவிட்டு விலைக்குப் போன பிள்ளை, யாரோ வாங்கின பிள்ளை என்று நினைத்து எமன் அதைத் தொடாமல் போய்விடுவான் என்பது நம்பிக்கை. குழந்தையை முறத்தில் கிடத்தி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அம்சவள்ளி ஒரு படி தவிட்டை ஆர்த்தியின் மடியில் கொட்டிவிட்டு, பிள்ளையை முறத்தோடு வாங்கிக்கொண்டாள். பிறப்புச் சான்றிதழில் கீதாஞ்சலி, கூப்பிடுவதற்குத் தவுட்டம்மா.

மற்ற வீடுகளில் அன்று சாயங்காலமே பிள்ளை பெற்றவளிடம் போய்விடும். அது ஒரு சடங்கு, அவ்வளவுதான். ஆர்த்திக்கோ பயம் விடவில்லை. "எங்கிட்ட இருந்தா தங்காதுக்கா. நல்லபடியா தேறட்டும், அதுவரைக்கும் ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று அழுதுகொண்டே பஸ் ஏறினாள். அதுவரைக்கும் என்று அவள் சொன்னதை வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்டோம். அம்சவள்ளியின் மனதில் மட்டும் அது தங்கவில்லை.

மறுநாளே அவள் கொட்டை உடைக்கப் போவதை நிறுத்தினாள். அந்தக் கொட்டைப் பால் பட்ட கையால் பச்சைப் பிள்ளையைத் தொட்டால் தோல் வெந்துபோகும். விரல்களில் இருந்த கறுப்பு போக மூன்று மாதம் ஆனது. தினமும் விளக்கெண்ணெய் தேய்த்து, என்னிடம் கையை நீட்டி, "இப்ப மெதுவா இருக்கா டீச்சர்?" என்று கேட்பாள்.

பிள்ளை பேச ஆரம்பித்ததும் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதல் சொல் அம்மா. அதை ஊரில் அவள் யாரிடமும் சொல்லாமல் விடவில்லை, ரேஷன் கடை வரிசையில்கூடச் சொன்னாள். அடுத்தது "முட்ட". அங்கன்வாடியில் கொடுக்கிற முட்டைக்கும் அதுதான், பௌர்ணமி நிலாவுக்கும் அதுதான். "மேல முட்ட, ஒரிச்சிக் குடு" என்று அரியமுத்துவின் கன்னத்தைப் பிடித்துத் திருப்புமாம். பெண்டாட்டி எந்த வேலை சொன்னாலும் அவன் நாளைக்கு என்பான். குழந்தையும் அதைப் பிடித்துக்கொண்டது. குளிக்க வா என்றால் "நாளிக்கி". சோறு ஊட்டப் போனால் "நாளிக்கி". ஒருநாள் எடை போடுகிற தொட்டிலில் உட்காரச் சொன்னதற்கு என்னிடமே அதைச் சொன்னது. விருந்தாளி வந்தால் ஒற்றைச் செருப்பைக் கோழிக்கூண்டுக்குள் ஒளித்துவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதது போல் வாசலில் உட்கார்ந்திருக்கும். யாரும் கிளம்பிப் போவது அதற்குப் பிடிக்காது.

இதையெல்லாம் சொல்லும்போது அம்சவள்ளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர்கள் பேசிய முதல் சொல் எது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதை நினைத்து அவள்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

பிள்ளைக்கு ஆறு மாதமாக இருந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டேன். "ஏண்டி, முறைப்படி தத்து எழுதிக்கிட்டா என்ன? அரியலூர்ல ஆபீஸ் இருக்கு, நானே கூட வரேன்."

"எனக்கெதுக்கு டீச்சர் பேப்பரு? ஊரு பாக்க தவுடு குடுத்து வாங்குனவ நானு."

"அது சடங்குடி."

"சாமி முன்னால செஞ்சது பொய்யாயிடுமா?" என்று முறைத்தாள்.

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. கையெழுத்துக் கேட்டிருந்தால் ஆர்த்தி மாட்டேன் என்றிருப்பாள். அப்போதே உண்மை தெரிந்திருக்கும், அழுகையும் குறைவாகப் போயிருக்கும். சந்தோஷமாக இருக்கிறவளை எதற்குக் கலைப்பானேன் என்று விட்டேன். அது தப்பு.

ஆர்த்தியையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷம் அவள் போனில்கூடப் பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. தன் கண்ணே பட்டுவிடும் என்று பயம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கவுன் மட்டும் வரும், அதுவும் எப்போதும் ஒரு அளவு சின்னதாகவே இருக்கும். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பெற்றவளுக்கே தெரியாது.

போன சித்திரையில் தமிழ்மாறனும் ஆர்த்தியும் ஊருக்கு வந்து, பிள்ளைக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தினார்கள். மூன்றாம் நாள் தமிழ்மாறன் தலையைக் குனிந்துகொண்டு, "புள்ள தேறிடிச்சி அண்ணி. கூட்டிக்கிட்டுப் போறோம்" என்றான்.

அம்சவள்ளி தவிட்டைச் சொன்னாள். சாமியைச் சொன்னாள். கடைசியில் ஆர்த்தியின் காலைப் பிடித்தாள். ஆர்த்தியும் இவள் காலைப் பிடித்துக்கொண்டு, "நான் மூணு பெத்தவக்கா. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்" என்று அழுதாள். அரியமுத்து டிப்பரை எடுத்துக்கொண்டு போனவன் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை.

பழகட்டும் என்று ஆர்த்தி பத்து நாள் தங்கினாள். குழந்தை அவளிடம் போகவே இல்லை. தூக்கினால் உடம்பை விறைத்துக்கொண்டு கத்தியது. "அம்மாகிட்ட வாடி" என்று ஆர்த்தி கையை நீட்டினால், அம்சவள்ளியின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அம்மா இந்தா இருக்கு" என்று அவளுக்கே பாடம் சொன்னது. ஏழாம் நாள் ஆர்த்தி சோறு இறங்காமல் சுருண்டு படுத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் சத்துமாவு பாக்கெட் கொடுக்கப் போயிருந்தேன். அம்சவள்ளி ஆர்த்தியை எழுப்பிக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "இது அம்மா. நான் பெரிம்மா. சொல்லு, பெரிம்மா" என்றாள். குழந்தை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியருகே முதுகைக் காட்டி உட்கார்ந்து பாத்திரம் துலக்கத் தொடங்கினாள்.

"அம்மா" என்றது குழந்தை. அவள் திரும்பவில்லை. பின்னாலேயே போய்ப் புடவையைப் பிடித்து இழுத்து, "அம்மா, அம்மா" என்றது. அவள் அதே குண்டானைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்டி, திரும்பிப் பாரு. கொழந்த தேம்புது" என்றேன்.

"சும்மா இருங்க டீச்சர். இங்கியே கத்துக்கட்டும். அங்க போயி யாரக் கூப்புடும்?"

ஆர்த்தி வந்து, "அம்மா இங்க இருக்கேன்டா கண்ணு" என்றாள். குழந்தை அவளைப் பார்த்தது, அந்த முதுகைப் பார்த்தது. மூக்கு ஒழுக ஒழுக எவ்வளவு நேரம் நின்றதோ, என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பிறகு தயங்கித் தயங்கி, "பெரிம்மா" என்றது.

கையில் இருந்த சபீனா நுரையைக்கூடக் கழுவாமல் அம்சவள்ளி சட்டென்று திரும்பி, "என்னடா தங்கம்?" என்று அதை வாரி எடுத்துக்கொண்டாள்.