மண்சரிவு வளைவில் நின்ற வேன்

பதுளை பஸாரில் முப்பது வருஷம் வாகன வயரிங் வேலை பார்த்தவன் நான். பேய்க்குப் பயந்தது ஒரே ஒரு நாள். அதுவும் பட்டப்பகலில்!

செல்வராசு, தேயிலைத் தோட்டத்து நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவரும் வேன் டிரைவர். மண்சரிவில் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயமே புதைந்துபோன இடத்துக்கு மேலே ஓர் ஏற்ற வளைவு உண்டு. வேன் அங்கே மட்டும் நின்றுவிடும். மூன்று கராஜில் பார்த்து பெட்ரோல் பம்ப்பையும் அதற்குக் கரண்ட் விடும் ரிலேயையும் மாற்றியாகிவிட்டது. பலனில்லை.

"போன வாரம் வேன் பிள்ளைத்தாச்சி ஒருத்தியோட நின்னு, பள்ளத்துப் பக்கமா உருண்டுருச்சு பாஸ். கல்லு வச்சுத்தான் நிப்பாட்டினோம். அவதான் என்னைய கூப்பிடுறா."

அவள் என்றால் அவன் மனைவி. அந்த மண்ணுக்குள் போனவள், உடல் கிடைக்கவில்லை.

"பேய்க்கு பம்ப் எங்க இருக்குனு தெரியுமாப்பா? வண்டிய எடு!"

ரிலேயில் வயரைக் கொடுத்து, வோல்ட் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டேன். வளைவில் மூன்று மணிக்கே மூடுபனி. செல்வராசு ஹார்னை நீளமாக அழுத்தினான். செத்தவர்களுக்காக அங்கே எல்லா டிரைவர்மாரும் அப்படி அடிப்பது வழக்கம். பம்ப் இரைச்சல் தேய்ந்து, என்ஜின் அடங்கியது. அவன் கையை எடுத்த பிறகும் பள்ளத்திலிருந்து அதே ஹார்ன் சத்தம் வந்தது. மலையில் மோதித் திரும்புகிறது என்று தெரியும். தெரிந்தும் "முருகா!" என்று கத்திவிட்டேன்.

மறுபடி ஸ்டார்ட் செய்து அடிக்கச் சொன்னேன். மீட்டரில் பதின்மூன்று வோல்ட் நான்காக விழுந்தது. ஹார்னுக்கும் ரிலேக்கும் கரண்ட் திரும்பிப் போக ஒரே எர்த் போல்ட், முழுக்கத் துரு. ஹார்ன் கரண்டை இழுத்தால் ரிலே விட்டுவிடும், பம்ப் நின்றுவிடும். மற்ற இடங்களில் ஹார்னை சும்மா ஒரு தட்டுத்தான். கராஜில் யார் நீளமாக அடித்துப் பார்த்தார்கள்?

துருவைச் சுரண்டி, ரிலேக்குத் தனி எர்த் போட்டேன். நீளமாக அடித்தான். என்ஜின் நிற்கவில்லை.

"பாத்தியா? பேயும் இல்ல, பிசாசும் இல்ல!" என்று சிரித்தேன், மடையன்.

அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப அவ ஒரு தடவகூட கூப்பிடலையா பாஸ்?"

எர்த்தை முதலில் பார் என்று எல்லோருக்கும் சொல்வேன். கண்டுபிடித்ததைச் சிரித்துக்கொண்டு சொல்லாதே என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

நோயாளி ஏறியிருந்தால் வேன் இப்போது அந்த வளைவைத் தடங்கலின்றித் தாண்டுகிறது. ஆளில்லாமல் திரும்பும் நாட்களில், அங்கே ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, செல்வராசுவே சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்துகிறான்.