ஏழு மணிக்கு அறுந்த ஊதல்

வெறும் குணாளன் என்றால் எஸ்டேட்டில் யாருக்கும் தெரியாது. சங்கு குணாளன் என்று சொல்ல வேண்டும். மலேசியாவில் பிரிஞ்சாங் ஊருக்கு மேலே இருக்கும் தேயிலை ஆலையில் முப்பத்தொரு வருடமாகக் கொதிகலன் பார்க்கிறார். நீராவியில் ஒலிக்கும் வேலைச் சங்கை ஊதுவதும் அவர்தான். மனிதர் வாய் திறக்காததற்கும் சேர்த்துச் சங்கு கத்துகிறது என்று கேலி செய்வார்கள்.

இப்போது அவர் போலந்து நாட்டில், கிராக்கூவ் நகரத்துப் பெரிய சதுக்கத்தில், பூப்போட்ட பாத்தேக் சட்டைக்கு மேல் இரவல் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு சாப்பாட்டுக் கடையின் வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தார். காலையில் மகள் யுவனேஸ்வரி இங்கே மருத்துவம் படித்து முடித்து டாக்டர் பட்டம் வாங்கினாள். மறுநாள் விடிந்தால் அவருக்கு விமானம். ஊர் பார்க்கக் கிடைத்தது அந்த ஒரு பிற்பகல்தான்.

அதுவே தாங்கவில்லை. குன்றின் மேல் கோட்டை, அதற்குள் ராஜாக்களின் கல்லறைகள். பிறகு சதுக்கத்து மாதா கோயில். கூரை முழுக்க நீல வானம், அதில் பொன் நட்சத்திரங்கள். பீடத்தில் மரத்தில் செதுக்கிய ஆட்கள், நிஜ ஆளைவிடப் பெரியவர்கள். ஒரு கிழவரின் கையில் நரம்பு புடைத்திருந்தது. மரத்தில் நரம்பு. குணாளன் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மகள் படம் எடுக்கக் கூப்பிட்டது காதில் விழவில்லை. வெளியே வந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்கம்மாகிட்ட இத எப்படிச் சொல்றது?"

மனைவி சரோஜாவுக்கு ரத்தக் கொதிப்பு. விமானம் வேண்டாம், நீங்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று அனுப்பியிருந்தாள்.

விருந்துக்கு அழைத்தவர் மகளுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஹலினா. ஆஸ்பத்திரியில் அவருடைய வார்டில் பயிற்சி டாக்டருக்குக் காலியாக இருந்தது ஓர் இடம். மூன்று பேர் காத்திருந்தார்கள், யுவனேஸ்வரி அவர்களில் ஒருத்தி. அப்பா வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அந்த அம்மாள் தாமாகவே கூப்பிட்டிருந்தார். டிராமில் வரும்போதே மகள் எச்சரித்துவிட்டாள்.

"அவங்க ரொம்ப கண்டிப்பு லா. சாப்பிடறப்ப ஒருத்தன் எந்திரிச்சுப் போய் போன் பேசினான். அதோட அவன் சேப்டர் முடிஞ்சிச்சு. அவங்க முடிக்கிற வரைக்கும் நீங்க எந்திரிக்கவே கூடாதுப்பா."

"பந்தியில பாதியில எந்திரிக்கிற ஆளா நானு?"

செக்கச்சிவந்த பீட்ரூட் சூப் வந்தது. அடுத்து, உருளைக்கிழங்கை உள்ளே வைத்து மடித்த ஒரு பண்டம், ஊரில் விற்கும் கறிபாப் பலகாரத்தை எண்ணெயில் போடாமல் அவித்தது போல. அந்த அம்மாள் நரைத்த தலையுடன் நிமிர்ந்து உட்கார்ந்து தேயிலையைப் பற்றிக் கேட்டார். குணாளன் இரண்டு வார்த்தையில் சொன்னதை மகள் இருபது வார்த்தையாக்கினாள். அம்மாள் சிரித்தார். மகளின் தோள்கள் அப்போதுதான் இறங்கின.

மணி ஏழடித்தது. அது ஓய்ந்ததும், கோயில் கோபுரத்தின் உச்சியில் எங்கிருந்தோ ஊதல் கேட்டது. மெஷின் இல்லை. அதில் மூச்சு இருந்தது. குணாளனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். கரண்டியைக் கீழே வைத்தார். ராகம் படிப்படியாக மேலே ஏறியது. ஏறிக்கொண்டிருக்கும்போதே அறுந்தது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. குணாளன் ஓடினார்.

எஸ்டேட்டில் சங்கு முழுசாக ஊதினால் வேலை. பாதியில் அறுந்தால் யாருக்கோ ஆபத்து, சோற்றுக் கையோடு ஓட வேண்டும். அவர் மூன்று முறை அறுத்திருக்கிறார். கூட வேலை செய்த சின்னையாவின் கை, கொழுந்து உருட்டும் ரோலரில் சிக்கியபோது. உலர்த்தும் அறையில் தீப்பிடித்தபோது. லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்தபோது. மூன்று முறையும் கொழுந்துக் கூடைகளைப் போட்டுவிட்டு மலையே இறங்கி வந்தது.

குதிரை வண்டிகளுக்கு இடையில் புகுந்து கோபுரத்தடிக்குப் போனார். கதவைத் தட்டினார். சுற்றி நின்றவர்கள் ஓடாமல் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். அவரும் அண்ணாந்து பார்த்தார். உச்சியில் சின்ன ஜன்னல் திறந்தது. பித்தளை மின்னியது. அதே ராகம் ஏறியது, அதே இடத்தில் அறுந்தது. பிறகு ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து ஜனங்களைப் பார்த்து ஆடியது.

யுவனேஸ்வரி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். கோபத்தில் அழுகை வந்துவிட்டது.

"அது அப்படித்தாம்ப்பா ஊதுவாங்க. ஒவ்வொரு மணிக்கும்."

எதிரிப் படை வருவதைப் பார்த்து ஊதிய காவல்காரனின் தொண்டையில் அம்பு பாய்ந்ததாம். அவன் நிறுத்திய இடத்திலேயே இன்றுவரை நிறுத்துகிறார்களாம். அது எழுநூறு வருடத்துக்கு முந்திய கதை என்றாள்.

குணாளன் தலையை இறக்கவில்லை. எழுநூறு வருடம். இரவும் பகலும், மழையிலும் பனியிலும், ஒருவனுடைய மூச்சு நின்ற இடத்தில் தன் மூச்சை நிறுத்துவதற்காக ஓர் ஆள் அத்தனை படி ஏறிப் போகிறான். கோட்டையும் நட்சத்திரக் கூரையும் அவர் மனதில் சின்னதாகிப் போயின.

"என் எடம் போச்சுப்பா" என்றாள் மகள்.

அப்போதுதான் அவருக்குத் தான் செய்தது உறைத்தது. திரும்பிப் பார்த்தார். பேராசிரியர் சாப்பாட்டு மேசையில் கை துடைக்கும் துணியைப் பிடித்தபடியே சதுக்கத்தைக் கடந்து விரைந்து வந்துகொண்டிருந்தார். வந்ததும் குணாளனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நெஞ்சு வலி என்று நினைத்திருக்கிறார். மகள் தலையைக் குனிந்துகொண்டு சங்கின் கதையைச் சொன்னாள். நாடி அடங்கிய பிறகும் அம்மாள் கையை விடவில்லை. எதையோ கேட்டார்.

"அந்தக் கை மாட்டுனவரு என்னானாருன்னு கேக்கறாங்க."

"ரெண்டு வெரலு போச்சு. ஆளு இருக்கான். கியா பார்ம் சந்தையில ஸ்ட்ராபெரி விக்கிறான். எடை போடறதுல ஏமாத்துவான்னு சொல்லு."

மகள் கடைசி வரியை விட்டுவிட்டுச் சொன்னாள். அம்மாள் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். மகள் அதைத் தமிழில் சொன்னாள்.

"பொறந்ததுலேர்ந்து இதக் கேக்கறாங்களாம். ஒரு நாளும் எந்திரிச்சதில்லயாம்." அப்பாவின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "திங்கக்கெழம காலையில என்னை வார்டுக்கு வந்துரச் சொல்றாங்க."

ஆறிப்போனதைக் கடைக்காரர் சூடாக்கிக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்து, எட்டு மணிக்கு மூன்று பேரும் கோபுரத்தடியில் போய் நின்றார்கள். ஜன்னல் திறந்தது. இந்த முறை குணாளனுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் ராகம் அறுந்ததும் அவருடைய கால் ஓரடி முன்னால் போனது.