இரண்டு விரல் இடுக்கு

கால் முறிந்து நான் கட்டிலோடு கிடந்தபோதுதான் அறையின் பிளாஸ்டிக் தள்ளு ஜன்னலும் மூடியபடி இறுகிக்கொண்டது. பக்கத்துப் பீங்கான் பட்டறையின் வெள்ளைத் தூள் அடிச்சட்டத்தில் படிந்து, கதவு நகர மறுத்தது.

ரிப்பேர் பார்க்க மங்கலம்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளைக் குல்லா, மருதாணிச் சிவப்பில் தாடி. வந்ததும் வாசலில் விட்ட செருப்பில் ஒன்றைத் திரும்பப் போய் எடுத்துவந்து, என் அறைக்கதவின் இடுக்கில் செருகினார்.

"செருப்ப ஏன் உள்ள கொண்டாறீங்க?" என்றேன் எரிச்சலாக.

"காத்துல கதவு சாத்திக்கும்மா."

காற்றா? அது அந்த அறைக்குள் வந்து வெகுநாளாகிவிட்டது.

ஜன்னல் கதவைத் தூக்கிக் கழற்றி, தேய்ந்த சக்கரங்களை மாற்றியபடியே அவராகப் பேசினார்.

"துபாய்ல பெரிய பெரிய கட்டடத்துக்கெல்லாம் கண்ணாடி மாட்டுனேம்மா. ஒரு ஜன்னலும் தொறக்காது. நாங்க தங்குன ரூமும் அப்படித்தான். பாஸ்போர்ட்டு மொதலாளி கையில. நெனச்சாலும் கெளம்ப முடியாது."

"எப்படி இருந்தீங்க?"

என் மாவுக்கட்டைப் பார்த்தார். "நீங்க இப்ப இருக்கீங்கல்ல, அப்படித்தான்."

அவர் போனபின் ஜன்னல் ஒரு விரலால் தள்ளவே வழுக்கிக்கொண்டு ஓடியது. மாலையில் மழை வந்தது. என் கணவர் சாத்தப் போனார். இரண்டு விரல் இடுக்கு விட்டு ஜன்னல் நின்றுவிட்டது. அடிச்சட்டத்தில் புதிதாக ஒரு திருகாணி முடுக்கப்பட்டிருந்தது.

"தப்பா போட்டுட்டுப் போயிட்டாரு, கழட்டிடுறேன்" என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தார். வேண்டாம் என்றேன்.

இப்போது நன்றாக நடக்கிறேன். அந்த இடுக்கு வழியாகத் தினமும் வெள்ளைத் தூள் உள்ளே வருகிறது. துடைக்கிறேன். திருகாணியைச் சுற்றியும் துடைக்கிறேன்.