ஆறு கொப்பி மிச்சம்

டயகமவுக்கு மேலே தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் பிரியந்தி வேறு யாருமல்ல, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், கீழ் லயத்துச் சின்னத்தம்பியின் மூன்றாவது மகள்தான். அத்தையைக் கட்டிக்கொடுத்தது அக்கரப்பத்தனையில், பெரியப்பா இருப்பது ராகலையில். மேல் லயத்து நாகலெட்சுமி அவளுக்குத் தாய்மாமன் மகள், மதினி முறை. மனசு நன்றாயிருந்தால் நாகலெட்சுமி அவளைப் ‘பிள்ளை’ என்பாள். கோபம் வந்தால்தான் ‘டீச்சர்’.

“லயத்துப் பிள்ளைகளுக்கு இது போதும்” என்று யாராவது சொன்னால் பிரியந்திக்குப் பொறுக்காது. “எது போதும்னு நீங்க யாரு சொல்ல?” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள்.

காலை ஏழரைக்கு அவள் வகுப்பில் பெரட்டு. தோட்டத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பார்களே, அதேதான். இங்கே அவரவர் வேலையை அவரவரே சொல்ல வேண்டும்: “ஏழு கணக்கு, ஒரு பக்கம் வாசிப்பு.” வரிசைக் கடைசியில் டீச்சரும் நின்று தன் வேலையைச் சொல்வாள். ஒரு பிள்ளை கொப்பியில் எழுதி, மறுநாள் காலையில் சரிபார்க்கும். தோட்டத்தில் முழு நாள் கூலிக்கு முழுப் பேர், பாதிக் கூலிக்கு அரைப் பேர் என்பார்கள்; இங்கே முடித்தவருக்கு முழுப் பேர், முடிக்காதவருக்கு அரைப் பேர். சாக்குச் சொல்ல இடமில்லை.

ஒரு நாள் நாகலெட்சுமியின் மகள் தனுஜா, ஏழு கணக்கில் ஐந்துதான் முடித்திருந்தாள். அரைப் பேர் வாங்கி அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். அன்றைக்கென்று பார்த்துத் தாய்க்கும் பறித்த கொழுந்து இரண்டு கிலோ குறைந்து, கணக்கப்பிள்ளை அரைப் பேர் போட்டிருந்தார்.

மறுநாள் நாகலெட்சுமி கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. நேரே வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“இந்தா டீச்சர்! மழையில நனைஞ்சு, அட்டைக்கு ரத்தத்தைக் குடுத்து நாங்க வாங்குறோம் அரைப் பேரு. எம்மகளுக்கும் அதையே போடுறியா? கணக்கப்பிள்ளை ஆகத்தான் படிச்சியா? அவ பேரை வெட்டு. நாளையில இருந்து எங்க லயத்துப் பிள்ளை ஒண்ணும் இங்க வராது.”

பதினெட்டுப் பிள்ளைகளில் பதினொன்று மேல் லயம். ‘அரைப் பேர்’ பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்லாயிற்றே என்று பிரியந்தி எடுத்தாளே தவிர, தாய்மாரின் முதுகுவலியை அவள் நினைக்கவில்லை.

“அந்தச் சொல்லு என் தப்புதான், மதினி. இனி வேணாம். ஆனா ஏழு கணக்குன்னா ஏழுதான். அதைக் கொறைக்க மாட்டேன்.”

நாகலெட்சுமி வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. “டீச்சர், ஏழரை ஆச்சு.”

யாரும் சொல்லாமலே பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். வேலை எழுதும் கொப்பி அன்றைக்குத் தனுஜா கையில். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு வந்தவள், தாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினாள்.

“பிரியந்தி டீச்சர்!”

“இருக்கேன்.”

“நேத்துப் பதினெட்டுக் கொப்பி திருத்துறதாச் சொன்னீங்க. பன்னெண்டுதான் வந்திருக்கு. அரை...” நிறுத்தி, யோசித்து, “ஆறு மிச்சம்” என்றாள்.

“வீட்டுக்கு ஆளுக வந்துட்டாங்க...”

“சாக்குச் சொல்லக் கூடாது டீச்சர்!” வகுப்பே கத்தியது.

நாகலெட்சுமிக்குச் சிரிப்பு பீறிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. “நல்லா வேணும்! ஏண்டி தனுஜா, ஒன்னோட மிச்ச ரெண்டு கணக்கு?”

“வெள்ளனவே எந்திரிச்சுப் போட்டாச்சும்மா.”

நாகலெட்சுமி மகளின் கொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மழைக்குப் போர்த்தும் கொங்காணியைத் தலையில் இழுத்துவிட்டு மலைப்பாதையில் இறங்கியவள், நின்று திரும்பினாள்.

“பிள்ளை, அந்த ஆறையும் இன்னைக்கே திருத்திரு. நாளைக்கு வந்து கேப்பேன்.”